புதுப் பென்ட்ரெலின் கிக்கர்

வால்சால்
20 நவம்பர் 1994, ஞாயிறு

அன்புள்ள க்ரெய்க் அண்ணாவுக்கு,

அப்பாவின் வலது மணிக்கட்டையும் வலது கணுக்காலையும் தவிர இங்கே எல்லாரும் எல்லாமும் நலம். ஆஸ்திரேலியாவில், ஜீலாங் வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். இது அப்பாவின் கடிதம்தான், அவர் கையில் மாவுக்கட்டு இருப்பதால் உன் தங்கை ராசலிண்ட் எழுதுகிறேன். அவர் சொல்வதை மட்டுமல்ல, எழுதாதே என்று தடுப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "எழுதிக்கோ, ஆனா என்னைய கோமாளியாக்கிடாத" என்றார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் இரண்டாவது நிமிடமே கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள், கடிதம் என்றால் நீ முழுசாகப் படித்தே ஆக வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள்.

முதலில் முக்கியமான சங்கதி. பென்ட்ரெல் மோட்டார் சைக்கிள் திரும்பி வருகிறது, வேலையை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குள் ஊருக்கு வா, அப்பனும் மகனுமாகச் சேர்ந்து எஞ்சின் கட்டுவோம் என்று போன மாதம் அப்பா எழுதினாரே, அது ரத்து. "ரத்துன்னு பெருசா எழுதி அடியில கோடு போடு" என்கிறார். போட்டுவிட்டேன். உன் முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே. சொல்லிவிட்டாய் என்றால் இதைப் படித்தவுடன் ஓடிப்போய் மாற்றிச் சொல். அப்பா பஸ் டிப்போவுக்கு எழுதிய ராஜினாமாவும் நல்லவேளையாக இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அம்மா அதன்மேல் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அப்பா வேலை பார்த்த பென்ட்ரெல் தொழிற்சாலை மூடிப் பத்தொன்பது வருடம் கழித்து மிஸ்டர் ஃபென்விக் என்பவர் அதன் பெயரை வாங்கினார். பெயரை மட்டும்தான். அதற்கு முன் அவர் குளியலறைக் குழாய் விற்றவர். வண்டி வருவதற்கு முன்பே பென்ட்ரெல் கழுத்துப்பட்டை, பென்ட்ரெல் கோப்பை, பென்ட்ரெல் சோப்பு எல்லாம் வந்துவிட்டன. "பென்ட்ரெல் வாசனை வேணும்னா என் பழைய தொப்பிய வேகவெச்சுக் குடிக்கச் சொல்லு" என்று அப்பா அப்போதே சிரித்தார், ஆனாலும் எஞ்சின் கட்டும் பிரிவுக்குத் தலைவர் பதவி தருகிறேன் என்று ஃபென்விக் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வியாழக்கிழமை ஹோட்டல் மண்டபத்தில் வண்டியைக் காட்டினார்கள். அப்பா கல்யாணக் கோட்டுப் போட்டுக்கொண்டார். அவரோடு பக்கத்து மேசையில் பதினைந்து வருடம் வேலை செய்த நார்மன் மாமாவும் நானும் கூடப் போனோம். வண்டி வெள்ளைக் கம்பளத்தின் மேல் நின்றது. அப்பா முதலில் குனிந்து, "ஆயில் சொட்டுறதுக்குக் கீழ வைக்கிற தட்டு எங்க?" என்று கேட்டார். எங்கள் வண்டிக்கு ஆயில் ஒழுகாது சார் என்றார் ஃபென்விக். "அப்ப உள்ள ஊத்தவே இல்ல" என்று நார்மன் மாமா என் காதில் சொன்னார்.

பிறகு ஃபென்விக் ஒலிபெருக்கியில், கடைசிப் பென்ட்ரெல்காரர் இந்த முதல் வண்டியைக் கிளப்பித் தருவாரா என்று கேட்டார். அவர் சொன்னது கைப்பிடியில் இருந்த பொத்தானை. அப்பா கண்ணுக்குத் தெரிந்தது கிக்கர். பென்ட்ரெலை அரைமனதாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும் என்பது உனக்கே தெரியும், உன் முழங்கால் தழும்பு அப்படி வந்ததுதானே. அப்பா கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், ஏறி நின்றார், கிக்கரை மெல்ல அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நார்மன், என்னா இறுக்கம்டா! அசலு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. டக் என்று சத்தம். கிக்கர் தனியாகப் பறந்துபோய்க் கேக் தட்டில் விழுந்தது, அப்பா கம்பளத்தில் விழுந்தார். அந்த இறுக்கம் எஞ்சினுடையது இல்லை, அண்ணா. கிக்கர் எதனுடனும் சேரவில்லை, பார்வைக்காக ஒரே ஒரு போல்ட்டில் முடுக்கி வைத்திருந்தார்கள். ஃபென்விக் ஓடிவந்து கிக்கரைத்தான் முதலில் எடுத்தார். நார்மன் மாமா அப்பாவைத் தூக்கிக்கொண்டே, "போல்ட்டைப் பாத்து அசலுன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா" என்றார். இதை எழுதாதே என்று அப்பா இப்போது கத்துகிறார்.

நேற்று ஃபென்விக் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். வேலை உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் அப்படியே இருக்கிறது என்றார். எஞ்சின் எங்கே வார்க்கிறீர்கள் என்று அப்பா கேட்டார். அது முழுசாகப் பெட்டியில் கப்பலில் வந்துவிடும் என்றார். அப்போ நாங்க என்ன பண்றது என்று கேட்டதற்கு, டேங்க்கில் பென்ட்ரெல் பெயரை ஒட்ட வேண்டும், கோணாமல் ஒட்ட அனுபவம் தேவை என்றார். அப்பா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "ஒட்டுறதுக்கு ஆஸ்திரேலியாலேருந்து ஆள் எதுக்குங்க, தெருமுனைத் தபால் ஆபீஸ்ல கேளுங்க, தெனமும் ஒட்டிட்டுதான் இருக்காங்க" என்றார். ஃபென்விக் தேநீரை முடிக்காமல் போய்விட்டார். பழங்களை நாங்கள் தின்றுவிட்டோம்.

இன்று மழை. அப்பா கொட்டகையில் பெயிண்ட் டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நம் ஐம்பத்தாறாம் வருடத்துப் பழைய பென்ட்ரெல் வண்டியைக் கிளப்ப ஆளில்லை என்று முனகினார். அம்மா தோட்டத்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். "மவரீன், அது உன்னைத் தூக்கி எறிஞ்சிடும்" என்றார். "உன்னோட இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்திட்டேன், இது என்ன பெரிசு, வாய மூடிக்கிட்டு எப்ப உதைக்கணும்னு மட்டும் சொல்லு" என்றாள். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது.

அப்பா எழுதாதே என்று சொன்ன இன்னொன்று. கொட்டகையில் உனக்காக இன்னொரு மேசை போட்டு உன் ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக மாட்டியிருக்கிறார். இப்போது அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். பேர் ஒட்ட வராதன்னுதான் சொன்னேன், வராதன்னா சொன்னேன்? லீவு கெடச்சா வரட்டும், வால்வு ரெண்டு பாக்கணும்" என்றார்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வண்டி ஓட்டாதே, உன் முதலாளியிடம் பேசியதை மறக்காமல் எழுது, எங்கள் எல்லாருடைய ஆசியும் உனக்கு உண்டு. கையெழுத்துப் போட முடியாததால் அப்பா வண்டிக்குக் கீழே இருக்கும் தட்டில் இடது கட்டைவிரலைத் தொட்டு இங்கே வைத்திருக்கிறார். அசல் பென்ட்ரெல் ஆயில் என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறார்.

உன் அப்பா,
க்ளைவ் ப்ராட்
(எழுதியது ராசலிண்ட்)

எஞ்சினை நிறுத்திவிட்டார்கள், தட்டில் ஆயில் சொட்டுவது மட்டும் கேட்கிறது. நான் இங்கே எழுதி முடிப்பதற்குள் அப்பா கொட்டகை விளக்கை அணைத்துவிட்டார், அதனால் இந்தக் கடைசி வரி கோணலாக இருக்கும்.