அளவு சொன்னது யார்?

மார்ச் 4

இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏப்ரல் முப்பதோடு இந்தச் சட்டை ஆலையில் எனக்கு ஓராண்டு. அதுவரை தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம்.

சட்டைக் கைக்கு நீளம் இருபத்திரண்டு என்று காலையில் கட்டிங் மாஸ்டர்தான் சொன்னார். எண்பது அடுக்குத் துணியை வெட்டி முடித்ததும், "இருபத்திமூணுல்ல சொன்னேன்! காது எங்க மேயப் போச்சு?" நீளமாக வெட்டியிருந்தால் குறைக்கலாம். குட்டையானதை என்ன செய்வது, ஒட்டவா?

மார்ச் 5

பக்கத்து மேசை அக்கா: "அவரு குணம் அப்படி. நீதான் அனுசரிச்சுப் போகணும்மா."

இந்த அனுசரிப்பு ஏன் எப்போதும் கீழே இருப்பவர் தலையிலேயே விடிகிறது?

மார்ச் 9

அளவை நோட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். "எனக்கே கணக்கு வைக்கிறியா?" நோட்டு கழிவுத்துணிக் குவியலில் போய் விழுந்தது. எல்லோர் முன்னாலும் அரைமணி நேரம் வசவு.

முட்டாள்தனம். என்னுடையதுதான்.

மார்ச் 17

மானேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மாஸ்டர், கைகளைப் பிசைந்துகொண்டு: "நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க சார். பொண்ணுங்கதான் தப்பா வெட்டிட்டாங்க."

அந்தக் குரல்! அடி விழும் முன்பே முகத்தை மறைக்கும் குழந்தை மாதிரி. பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது போல. பயம் முந்திக்கொள்கிறது.

சரி, பாவம்தான். அதுக்கு என் பொழப்புதான் கெடச்சுதா? அவர் பயத்த நான் ஏன் சுமக்கணும்?

எழுதினால் மிரள்கிறார். எழுத வேண்டாம். வேறு வழி —

மார்ச் 18

அவர் அளவு சொன்னதும் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினேன். "கை நீளம் இருபத்திமூணு! சரியா மாஸ்டர்?"

"ஏன் இப்படிக் கத்துற?"

"காது மேயப் போயிடுது மாஸ்டர். கத்தித்தான் கூப்பிட வேண்டியிருக்கு."

சிரிப்பை அடக்க அக்கா பட்ட பாடு! மாஸ்டர் "ம்" என்றார். எனக்கு "ம்" போதாது. மறுபடி கேட்டேன்.

"சரிதான், வெட்டித் தொலை!"

அதன் பிறகே மெஷினைத் தொட்டேன்.

மார்ச் 26

அக்காவும் கத்துகிறாள்.

ஏப்ரல் 2

இப்போது பதினொரு மேசையும். இன்று "இருபத்தொண்ணு" என்றார். ஒவ்வொரு மேசையாகக் குரல் கூடத்தின் கோடிக்குப் போவதற்குள் அவரே பதறி, "இரு, இரு! இருபத்திமூணு!" ஒரு முழம்கூட வீணாகவில்லை. யாரும் திட்டு வாங்கவில்லை. அவரும்தான்.

ஏப்ரல் 15

காலர் சின்னதாகிவிட்டது. மானேஜர் இறங்கி வந்தார். "பதினாலுன்னு யாரு சொன்னது?"

மாஸ்டர் பார்வை வழக்கம்போல என் பக்கம் திரும்பியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினொரு பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நான்தான் சார்."

மானேஜர் முறைத்தார். "பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்! இந்த ஒரு முறைப்புக்குப் பயந்தா இத்தனை வருஷம் இத்தனை பேரைக் காவு கொடுத்தார்?

பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மே 2

நிரந்தரக் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் லீவு. மானேஜரே வந்து அளவு சொல்லிவிட்டு நடந்தார். அக்கா இடுப்பில் கைவைத்துக் கத்தினாள்: "கை நீளம் இருபத்திநாலு! சரியா சார்?"

அவர் திரும்பவில்லை. ஒரு மெஷினும் ஓடவில்லை.

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"சரிதாம்மா."