அரை உப்புச் சமையல்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் அதைப் பேசுவதில்லை. உங்கள் மகள் கோமதி பேசத் தொடங்கினால் அழுதுவிடுகிறாள். செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். பார்த்ததை, பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி, எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று. ஊரில் சில டாக்டர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் உங்கள் அடுப்படிதான் வந்து நின்றது. அதனால் கட்டுரையை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். நாலு பேர் வாசிப்பார்கள். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

நீங்கள் அறிந்ததையும் அந்த நாலு பேருக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. அண்ணன் இந்தத் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. லாரி லாரியாக உப்பு ஏறுவதைப் பார்த்துக் கணக்கு எழுதுவது அவர் வேலை. சாப்பாட்டிலும் உப்பு அப்படித்தான். நெத்திலிக் கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. ஊறுகாயைத் தொட்டுக்கொள்ள மாட்டார், பிசைந்தே சாப்பிடுவார். ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கடைவாயில் காப்பி வழிந்தது. துடைக்கக் கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கை திரும்ப வந்துவிட்டது. டாக்டரம்மா உங்களையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: இது பிரஷர். உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் வேண்டாம். தினமும் நடக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உப்பில்லாத சோத்தப் பிண்டத்துக்குத்தான் வடிப்பாவ, கொழுந்தனாரே. உசுரோட இருக்க மனுசனுக்கு என் கையால அதப் போட மாட்டேன்."

செத்தவர்களுக்கு வைக்கும் பிண்டச் சோற்றில் நாம் உப்பு சேர்ப்பதில்லை. அது உங்களுக்கு மனசில் முள்ளாகக் குத்திவிட்டது. நான் என்ன சொன்னாலும் நீங்கள் கேட்பதாக இல்லை.

அடுத்த முறை போனபோது பிரஷர் கொஞ்சமும் இறங்கவில்லை. "வீட்ல உப்பக் குறைச்சாச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணன் நல்ல பிள்ளைபோல் தலையாட்டினார். நீங்கள்தான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு சொன்னீர்கள்: "இல்லம்மா. எப்பவும் போலத்தான் போடுதேன். ஆனா கல் உப்புதான். தூள் உப்பு இல்ல."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லா இருந்தாலும் தூளா இருந்தாலும் ரெண்டும் ஒரே உப்புத்தாம்மா" என்றார். பிறகு நீங்கள் பிண்டத்தைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "நான் நிறுத்தச் சொல்லல. பாதியாக்கச் சொல்லுதேன். பாதி உப்பு போட்ட சோறு பிண்டமாகுமா?"

வீட்டு வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் அதற்குப் பதில் சொன்னீர்கள்.

"பாதின்னா எல்லாருக்கும் பாதி. அவருக்குத் தனியா வடிச்சா அதுதான் பிண்டம். இந்த வீட்டுல ரெண்டு பானை ஏறாது."

அன்றைக்குத் தொடங்கியது உங்கள் அரை உப்புச் சமையல். ஒரே நாளில் பாதியாக்கவில்லை. நாக்குக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினீர்கள். உப்பு குறைந்த இடத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தீர்கள், வறுத்த சீரகத்தைப் பொடித்துத் தூவினீர்கள், மிளகையும் பூண்டையும் கூட்டினீர்கள். கருவாட்டுப் பானை பரணுக்குப் போயிற்று. அதற்குப் பதில் தருவைகுளத்துக்காரி கூடையில் கொண்டுவரும் சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்தீர்கள். இருக்கிற மீனில் மலிவு அதுதான். எண்ணெயைப் போத்தலோடு சாய்க்காமல் கரண்டியில் எடுத்து ஊற்றினீர்கள். கொல்லையில் சும்மா நின்ற முருங்கை மரம் வாரம் தவறாமல் மொட்டையானது.

காலையில் இட்லி போய்க் கம்பங்கூழ் வந்தபோதுதான் பெரிய சண்டை. நீங்கள் ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊரில் நெல்லுச் சோறு தின்று வளர்ந்தவர். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல அந்தக் காலத்துல செத்தவனுக்கே தாழிக்குள்ள நெல்லு வச்சு அனுப்பியிருக்கான். எனக்கு உசுரோட கம்பங்கூழா, ஏளா?"

"அவன் செத்த பொறவு தின்னான். நீங்க இருந்து தின்னுங்க."

அண்ணன் கும்பாவை எடுத்துக் குடித்தார். நான் சிரித்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "என்ன பல்லு தெரியுது? ஊர்ல உள்ளவன் வண்டவாளத்தையெல்லாம் பேப்பர்ல எழுதுதீயள்லா, உங்க தொந்தி மட்டும் செய்தியாகாதா?" மறுநாளிலிருந்து எனக்கும் காலையில் கூழ்தான். தனிக்கட்டையான நான் ராத்திரி பொரிச்ச பரோட்டா தின்றுவிட்டுப் படுக்கும் பழக்கமும் அப்படித்தான் நின்றது.

நடப்பதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழியை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் கௌரவம் பார்ப்பவர். வேலை இல்லாமல் பீச் ரோட்டில் கையை வீசி நடந்தால் ஊர் சிரிக்கும் என்பார். நீங்கள் வற்புறுத்தவே இல்லை. சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும், "ஏங்க, கொத்தமல்லி இல்ல" என்பீர்கள். சைக்கிளை எடுத்தால், "டயர்ல காத்து இல்லையே" என்பீர்கள். அவர் மார்க்கெட்டுக்கு நடந்துபோய் வாங்கி வருவார். சட்டையைக் கழற்றும்போது, "ஐயோ, சீரகம் சொல்ல மறந்துட்டேன்" என்பீர்கள்.

"ஏளா, எல்லாத்தையும் ஒரு மட்டா சொல்லக்கூடாதா? மூளை இருக்கா, அடகு வச்சிட்டியா?"

"வயசாகுதுல்லா, ஞாபகம் நிக்க மாட்டேங்கு."

மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு நாள் கேட்டேவிட்டார்: "என்ன அண்ணாச்சி, வீட்டுல ஒரு பை கூடவா இல்ல? ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போறீய!" அண்ணனுக்கு அப்போதும் புரியவில்லை. அல்லது புரிந்தும் புரியாததுபோல் இருந்தாரோ? இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

அண்ணனின் பிரஷர் இறங்கியது. டாக்டரம்மா மாத்திரையைக்கூடக் குறைத்தார். நாம் எல்லாரும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தோம், மதினி. உங்களுக்கு வந்தது உப்பாலும் இல்லை, எண்ணெயாலும் இல்லை. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது வந்த காய்ச்சல். எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆட்டோவில் நீங்களேதான் ஏறி உட்கார்ந்தீர்கள். "சாயங்காலம் வந்திருவேன், அடுப்புல பால் இருக்கு" என்றீர்கள். வரவில்லை.

பதினாறாம் நாள் சடங்கில் கடற்கரையில் உங்களுக்குப் பிண்டம் பிடித்தார்கள். அண்ணன் தன் கையால் உருட்டினார். உருட்டி முடித்து வெகுநேரம் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் கோமதி சோறு போட்டாள். உங்கள் ஒரே மகள், புதுக்கோட்டையில் மாமியார் வீட்டை விட்டு அப்பாவுக்காக இங்கே வந்து தங்கியிருக்கிறாள். அண்ணன் சொன்னார்: "எனக்கு உப்பு போடாத."

டாக்டர் சொன்னதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட, "மனுசன் எவ்வளவு கட்டுப்பாடா இருக்காரு" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். சோறு தனி, குழம்பு தனி, கீரை தனி, எதிலும் உப்பு கிடையாது. வரவரக் கொஞ்சமாக அள்ளினார். பிறகு அதிலும் பாதியை ஒதுக்கினார். நடப்பது அடியோடு நின்றது. சட்டை தோளில் தொங்கியது. ஒரு நாள் குளிக்கப் போனவர் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

டாக்டரம்மா சோதித்துவிட்டுக் கோபப்பட்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை, உப்பு அறவே இல்லை, பிரஷர் மாத்திரை மட்டும் உள்ளே போகிறது, மயக்கம் வராமல் என்ன செய்யும் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "குறைக்கத்தானே சொன்னேன், நிறுத்தவா சொன்னேன்? இப்படியே போனா இவரு தாங்கமாட்டாரு." அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாங்கவேண்டும் என்ற எண்ணம் இல்லை என்பது அந்த ஜன்னலைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

இடையில் ஒரு செய்தி. கோமதி முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் நீங்கள் ஏறாத கோயில் இல்லை. நீங்கள் போன பிறகுதான் தெரியவந்தது. அண்ணனிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தார். "அவ இல்லையே" என்றார். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஒரு வாய் வைத்தேன். சோற்றிலும் பருப்புக் குழம்பிலும் உப்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கோமதி என்னைப் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் அடுப்படியை எட்டிப் பார்த்தார். "எனக்குத் தனியா வச்சது எங்கன?"

"ஒரே பானைதாம்ப்பா. யாருக்கும் உப்பு போடல."

"நீ எதுக்கு இதத் திங்க?"

"நீங்க திங்கீயள்லா."

"நான் கெழவன். நீ பிள்ளத்தாச்சி."

"இந்த வீட்டுல ரெண்டு பானை ஏறாதுன்னு அம்மா சொல்லியிருக்கா. நீங்க எதத் திங்கீயளோ அதத்தான் நானும் திம்பேன். என் வயித்துல கெடக்கதும் திங்கட்டும்." சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பிண்டத்தப் பிள்ளத்தாச்சி திங்கக் கூடாதுளா!"

கோமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அப்ப பிண்டம்னு தெரிஞ்சுதான் தின்னுக்கிட்டு இருந்தீயளாப்பா?"

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போவது கேட்டது. நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டுப் பிழைத்தவன். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரல்: "ஏளா, உப்பு எங்கன இருக்கு?"

"அடுப்புக்கு வலப்பக்கம், மரவையில."

அந்த மரக் கிண்ணத்தோடு வந்தார். இடது கையால் ஒரு பிடி அள்ளிக் குழம்புச் சட்டியில் போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டார். தானே கிண்டினார். முதலில் கோமதி தட்டில் ஊற்றினார். பிறகு என் தட்டில். கடைசியாகத் தன் தட்டில்.

கோமதி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "யப்பா! முத்துநகர்க் கடலயே கொண்டாந்து ஊத்திட்டீய!"

அண்ணன் வாயில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் இருமல் வந்தது. இருமியபடியே என்னைப் பார்த்து, "ஏலே, உங்க மதினி எம்புட்டுப் போடுவா?" என்று கேட்டார்.

நான் கோமதியைப் பார்த்தேன். கோமதி என்னைப் பார்த்தாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை, மதினி. இத்தனை நாள் உங்கள் கையால் சாப்பிட்டிருக்கிறோம். நீங்கள் விரலால் எடுத்தீர்களா, கரண்டியால் போட்டீர்களா, கொதிக்கும்போதா, இறக்கிய பிறகா? ஒருவரும் பார்த்துவைக்கவில்லை. அப்போதுதான் அண்ணன் அழுதார். நீங்கள் போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோமதி குழம்பில் வெந்நீர் ஊற்றி, வெந்த பருப்பு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொதிக்கவைத்தாள். அப்படியும் கரித்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுசோறு கேட்டு வாங்கினார்.

எங்களுக்கு அளவு இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று போகிறது. அண்ணன் குறை சொல்கிறார். "உங்க அம்ம கைப்பக்குவம் உனக்கு வராதுளா" என்கிறார். கோமதி திருப்பிக் கொடுக்கிறாள். வாரக் கடைசியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும்; என்ன சொல்வாரோ தெரியாது. சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு இன்னும் ஆதாரம் இல்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும் வரை அண்ணன் தனித்தட்டில் தனிச்சோறு சாப்பிட விடமாட்டேன். சாயங்காலம் அவர் நடந்தால் நானும் கூட நடப்பேன். ஊர் சிரித்தால் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கட்டும். கோமதியின் பிள்ளைக்குச் சோறூட்டும் நாளில் அந்த முதல் பிடியைப் பிசைய அண்ணன் உட்கார்ந்திருப்பார். உட்காரவைப்பது என் பொறுப்பு.

நீங்கள் உலைவைத்த வீட்டில் உண்டு நிமிர்ந்த,
உங்கள் கொழுந்தன்.