இருபதாம் தேதி மதியம் வரை செல்லும்

பிப்ரவரி 11, புதன்கிழமை மதியம்

மதிப்புக்குரிய கேப்டன் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பிப்பதற்குக் கோபம்தான் காரணம். வழக்கமாக எழுதும் வார்த்தை இன்று பேனாவில் இறங்க மாட்டேன் என்கிறது. கடிதம் முடிவதற்குள் வந்தால் எழுதுகிறேன்.

நானும் மகளும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் அவசியம் இந்த முறை இல்லை. எட்டு நாளாக உங்கள் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நகர விடவில்லை, கம்பெனிக்காரர்கள் மணிக்கொரு தரம் கூப்பிட்டுக் கத்துகிறார்கள் என்பதெல்லாம் சான்றிதழ் பிரிவில் என் மேசைக்கே ஃபைலாக வந்துவிட்டது. புருஷனுடைய சேமம் இரண்டு பிரதிகளில், முத்திரையோடு, வரிசை எண் போட்டு வந்து சேர்ந்த மனைவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள் கப்பலில் புதிதாகச் சேரும் சமையல்காரர் நாளைக் காலை விமானம் ஏறுகிறார். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் கப்பல் போனில் நான் அழுதால் உங்கள் மாலுமிகள் எல்லோருக்கும் கேட்கும். கத்தினால் அதைவிட நன்றாகக் கேட்கும்.

முதலில் நல்ல செய்தி. நகல் சான்றிதழை நானே தட்டச்சு செய்து, நானே சரிபார்த்து, அதிகாரியின் கையெழுத்தும் வாங்கி, நேற்று மாலையே கூரியரில் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை அங்கே உங்கள் கப்பல் ஏஜென்ட் கைக்கு வரும். அன்றே கப்பலை விட்டுவிடுவார்கள். அதை என் கையில் பிடித்து வைத்துக்கொண்டு உங்களிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் நேற்று கேட்டாள், அப்படி என்னதான் அந்தத் தாளில் இருக்கிறது, ஒரு கப்பலையே நிறுத்தி வைக்கிற மாதிரி என்று. சொன்னேன். கப்பல் ஓட அதன் வயிற்றில் எரிஎண்ணெய் இருக்கிறது. அது கசிந்து யாருடைய கரையையாவது பாழாக்கினால் நஷ்டத்தைக் கொடுக்க இன்சூரன்ஸ் உண்டு என்று அரசாங்கம் கொடுக்கும் உறுதி அந்தத் தாள். அது கப்பலில் இல்லாவிட்டால் எந்தத் துறைமுகமும் நம்பாது. அப்படியானால் அப்பா இன்சூரன்ஸ் எடுக்கவில்லையா என்றாள். எடுத்திருக்கிறார்கள், பணமும் கட்டியாகிவிட்டது, ஒரு சொட்டு எண்ணெயும் சிந்தவில்லை, தாள் மட்டும்தான் இல்லை என்றேன். தாள் எங்கே போச்சு என்றாள். நான் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

தாள் எங்கே போயிற்று என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜனவரி கடைசியில், லீவில் வந்த இரண்டாவது இன்ஜினியர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். புதுச் சான்றிதழ் வந்துவிட்டது, பழையதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன், ஃபைல் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, உன் அலுவலகத்தில் கூட இவ்வளவு சுத்தம் இருக்காது. தேதி ஜனவரி 22. புதுச் சான்றிதழ் பிப்ரவரி 20 மதியம் பன்னிரண்டு மணியிலிருந்துதான் செல்லும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை பழையதுதான் செல்லும். அதைத்தான் நீங்கள் கிழித்தீர்கள். மூன்றாம் தேதி கப்பலில் ஏறி வந்த துறைமுக இன்ஸ்பெக்டரிடம், இன்னும் பதினேழு நாள் கழித்துத் தொடங்கப்போகும் ஒரு தாளை நீட்டியிருக்கிறீர்கள்.

இது உங்களுக்குப் புதிதா என்ன? புதுக் கட்டில் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் பழைய கட்டிலை விற்றுவிட்டு, முதுகுவலியோடு என்னைத் தரையில் படுக்க வைத்தவர் நீங்கள். புதுப் பள்ளியில் இடம் கிடைப்பதற்குள் பழைய பள்ளியில் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தீர்கள், பிள்ளை ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் எதற்கு ரெண்டு, வீட்டை அடைச்சுக்கிட்டு என்பீர்கள். நானோ பால்கார்டைக்கூட நகல் எடுத்து வைக்கிறவள். நம்மை யார் சேர்த்து வைத்தார்களோ, அவர்களைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இதுவரைக்கும் எழுதியது வெறும் எரிச்சல். சண்டை போட்டுவிட்டு ஒரு வாரத்தில் சிரித்திருப்பேன். சிரிக்க முடியாதது இனிமேல்தான் இருக்கிறது.

நகல் வேண்டுமென்றால் மூலம் எப்படிப் போயிற்று என்று கேப்டன் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் வாக்குமூலம் திங்கட்கிழமை காலை வந்தது. கம்பெனி முகவரியில் திருத்தம் செய்வதற்காக டிசம்பர் மாதம் மூலச் சான்றிதழைச் சான்றிதழ் பிரிவுக்கு அனுப்பினோம், அங்கிருந்து திரும்பி வரவில்லை என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. அந்த வால் சுழித்த எழுத்தை எனக்கு அடையாளம் தெரியாதா?

சான்றிதழ் பிரிவு என்றால் யார் என்று நினைத்தீர்கள்? ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி. ஒரு மேசையில் எங்கள் அதிகாரி. முத்திரையைக் கழிவறைக்குப் போனாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவாரே, அவர்தான். இன்னொரு மேசையில் நான். வரும் தாளை வாங்கிப் பதிவேட்டில் எழுதுகிறவளும் நான், அனுப்புகிறவளும் நான். பதினேழு வருடமாக அந்த அலமாரியின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. அங்கே தொலைந்தது என்றால், நான் தொலைத்தேன் என்று அர்த்தம்.

பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். டிசம்பரில் அப்படி எதுவும் வரவில்லை என்றேன். பதிவேட்டை எழுதுறதே நீங்கதானம்மா என்றார் அதிகாரி. உங்கள் வாக்குமூலத்தைத் தட்டிக் காட்டி, உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கார், அவரா உங்க மேல பொய் சொல்லப்போறார் என்றார். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

காணாமல் போன மூலச் சான்றிதழ் எங்கள் அலுவலகத்தில் சாதாரண விஷயம் இல்லை. இன்சூரன்ஸே இல்லாத ஓட்டைக் கப்பல் ஒன்று அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஒரு மீன்பிடித் துறைக்குள் நுழைந்து எண்ணெயைக் கொட்டினால், அங்கே வலை போடுகிறவனுக்கு யாரும் பைசா தரமாட்டார்கள். அப்படி ஒரு கரையின் புகைப்படத்தை வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். அதனால் விசாரணை வைத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, காலை பத்து மணி. என் தவறு என்று முடிவானால் வேலையை விட்டு நிறுத்தி வைப்பார்கள். சாவியை நேற்றே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கைப்பை லேசாக இருக்கிறது, சாவியைப் பஸ்ஸில் விட்டுவிட்டேனோ என்று ரெண்டு தடவை பதறிப் பார்த்தேன்.

கம்பெனி மேனேஜர் எழுதி அனுப்பியதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அந்த நடை உங்களுடையது இல்லை. கேப்டன் கிழித்தார் என்று செய்தி போனால் அடுத்த துறைமுகத்தில் வேறு கேப்டனை ஏற்றுவோம் என்று பயமுறுத்தியிருப்பார்கள். பத்தொன்பது வருடம் அடுத்தவருக்குக் கீழே நின்று, பதினாலு மாதத்துக்கு முன்னால் கேப்டன் ஆனீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று போனில் உங்கள் குரல் உடைந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அது போய்விடக் கூடாது என்று உங்களுக்கு எவ்வளவு இருக்கிறதோ, எனக்கும் அவ்வளவு இருக்கிறது. எனக்கும் ஒரு மேசை இருக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் ஞாபகத்தில் இல்லை.

படிக்காமல் போட்டிருப்பார் என்று திங்கட்கிழமை முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாத்தனாரும் அதைத்தான் சொன்னாள். அண்ணனுக்கு அவ்வளவு வேலை அண்ணி, நீட்டின இடத்துல போட்டிருக்கும் என்றாள். ஆனால் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நாம் இருபது நிமிடம் போனில் பேசினோம். வாஷிங் மெஷின் ரிப்பேரைக் கேட்டீர்கள். மகளின் பல்வலியைக் கேட்டீர்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூடக் கேட்டீர்கள், இருபது வருடத்தில் ஒரு நாளும் கேட்காத தொட்டி. அந்த வாக்குமூலத்தில் தேதி சனிக்கிழமை. நீங்கள் படித்துத்தான் போட்டிருக்கிறீர்கள். படிக்காதவர் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விசாரிக்க மாட்டார்.

எனக்கு வலிக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. மனைவிதானே, சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தீர்கள். இத்தனை வருடம் நீங்கள் இல்லாத வீட்டை, உங்கள் அப்பாவின் கடைசி நாட்களை, பிள்ளையின் காய்ச்சலை எல்லாம் சமாளித்தேன். அதற்கெல்லாம் சான்றிதழ் கேட்கவில்லை. அதற்காக இதையும் என் கணக்கில் எழுதிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உங்கள் ஜனவரி கடிதம் என்னிடம் இருக்கிறது. விசாரணையில் அதை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் நான் வெளியே வந்துவிடுவேன். நாத்தனாரிடம் சொன்னேன், அவள் பதறிப்போய், அண்ணன் வேலையை நீங்களே பறிப்பீங்களா என்றாள். மகள் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போல. இரவு சாப்பிடும்போது, அம்மா, அந்த லெட்டரைக் காட்டுங்க, அப்பா பண்ணினது தப்பு என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உங்களைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நேற்று இரண்டு தடவை அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்தேன், இரண்டு தடவையும் வெளியே எடுத்தேன். நான் காட்டினால் என் வேலை மிஞ்சும். ஆனால் கணவனின் கையெழுத்துக்கு எதிராகக் கணவனின் கையெழுத்தையே நீட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பெட்டியோடு நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. நீங்களாகச் சொன்னால் எனக்கு வேலையும் மிஞ்சும், நீங்களும் மிஞ்சுவீர்கள். கப்பல் போனாலும் போகட்டும், இன்னொரு கப்பல் வரும். வராவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை கப்பலை விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் ஆரம்பம். அதற்குள் எங்கள் அலுவலகத்துக்கு மெயிலில் இரண்டு வரி போதும். அனுப்பவில்லை, நான்தான் கிழித்தேன் என்று. இலக்கணம் பார்க்க வேண்டாம்.

சமையல்காரர் வந்துவிட்டார். முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பாவம், நல்ல மனிதராகத் தெரிகிறார், உங்களுக்கு உப்பு குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பிரஷர் மாத்திரை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். புது அட்டையைப் பிரித்ததும் பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இன்னும் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும், எனக்குத் தெரியும்.

எந்தக் கடலில் இருந்தாலும் நல்லபடியாக இருங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன், இவ்வளவு கோபத்திலும். வழக்கமாக எழுதும் அந்த வார்த்தை கடைசிவரை வரவில்லை. திங்கட்கிழமை மாலை வருகிறதா பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
சான்றிதழ் பிரிவு

இணைப்பு: ஜனவரி 22 தேதியிட்ட தங்கள் கடிதம், மூலம், ஒன்று. நகல் எடுத்து வைக்கவில்லை.