பாறை டைமும் உன் பெயர் பொறித்த கோப்பையும்

இன்று காலை என் செருப்பின் அடியில் சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது. நேற்று மைதானத்துக் கோட்டை மிதித்து நடந்ததன் மிச்சம். ஈரத் துணியால் துடைத்தபோது அந்தக் காரமான வாடை கிளம்பியது; கூடவே நீயும் வந்து சேர்ந்தாய். மற்றவர்களிடம் இறந்துபோனவர்கள் மல்லிகை மணத்தோடும் ஊதுவத்திப் புகையோடும் வருகிறார்கள். நீ கோல் கம்பத்தடிச் சுண்ணாம்போடு வருகிறாய். உனக்கு அதுதான் பொருத்தம்.

நேற்று நம் செஞ்சி அணி வல்லத்து அணியை வென்றது. ஒன்று, பூஜ்யம். உன் பெயரில் நடத்திய முதல் கோப்பை அது. இறுதிப் போட்டி முடிந்ததும் அதை என் கையால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் ஆட்கள் கோணல் வழியில் வென்று, உன் பெயர் பொறித்த கோப்பையை அதற்குப் பரிசாக நான் எடுத்து நீட்ட வேண்டி வந்துவிடுமோ என்பது ஒன்றுதான் என் கவலை. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை.

வாசலில் உனக்கு ஒரு பேனர் வைத்திருந்தார்கள். உன் கறுப்பை வெளுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பின்னால் மேகங்களையும் இரண்டு புறாக்களையும் பறக்கவிட்டு, ‘கால்பந்தின் தாயே’ என்று எழுதியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை உன்னை ‘வாயாடி டீச்சர்’ என்று அழைத்த ஊர் இது. செத்தபின் தாயாக்கிவிட்டது. நீ பார்த்திருந்தால் அந்தப் புறாக்களை எண்ணிப் பல நாள் சிரித்திருப்பாய்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அப்படியொன்று நடந்ததற்கான சாட்சியம் குறைவு. நம் முன்கள வீரன் தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டிருக்கிறான்; யாராவது அருகில் மூச்சு விட்டாலே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவனைப்போலச் சாய்கிறான். நடுக்களத்தில் ஆடுகிறவர்கள் பந்தை வேண்டாத விருந்தாளியைப் போல நடத்துகிறார்கள்: வந்ததும் அனுப்பிவிடுகிறார்கள், எங்கே என்று பார்ப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு வல்லத்துத் தடுப்பாளர் ஒருவர் உதைத்த பந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்த நம் செம்பட்டைத் தலையனின் முதுகில் பட்டுத் திரும்பி, உருண்டு, கோலுக்குள் போனது. அது கோல் என்பது அவனுக்குப் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்தவுடன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். மைக்கில் ஒருவர் ‘வரலாறு காணாத கோல்’ என்று முழங்கினார். வரலாறு அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ‘பாறை டைம்’ தொடங்கியது. நம் மைதானத்தின் அந்தக் கேவலமான வழக்கத்தை நீதான் எனக்கு முதலில் விளக்கினாய். தெற்குக் கோலுக்குப் பின்னால் மலையடிவாரத்துப் பாறைகள். ஆட்டத்துக்கு ஒரே பந்து. பந்து வெளியே போனாலும் நடுவரின் கடிகாரம் நிற்காது. ஆகவே நம் அணி முன்னிலையில் இருந்தால் பந்து பாறை இடுக்குக்குள் போகும், தேடப் போனவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வழக்கத்தை நீ ஒருமுறை உடைத்தாய். நாம் இருவரும் ஒரே வீட்டில் தங்கி இங்கே வேலையில் இருந்த காலம். பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் அண்ணன்மாரோடு பந்து உதைத்து வளர்ந்தவள் நீ. கல்லூரி விடுதியில் புத்தகமும் கையுமாக இருந்த என்னை, ‘பொருளாதாரம் எங்க ஓடிடப் போவுது, வாடி’ என்று ஆட்டம் பார்க்க இழுத்துப் போனவளும் நீதான். நீ வழக்கத்தை உடைத்த அன்றும் இறுதிப் போட்டி, அன்றும் ஒரு கோல் முன்னிலை, அன்றும் பந்து பாறைக்குள் போனது. குடையை என் மடியில் போட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ ஏறினாய்.

‘டீச்சர், உக்காருங்க டீச்சர், நம்ம ஊருதான் ஜெயிக்குது’ என்று ஒருவர் கெஞ்சினார்.

‘இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா? தள்ளுய்யா.’

பந்தை எடுத்து வெளியூர் ஆட்டக்காரரின் காலடியில் எறிந்தாய். அவர்கள் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார்கள். கோப்பை பேருந்தேறிப் போய்விட்டது. ஊர் உன்னோடு பேசுவதை நிறுத்தியது. பால்காரர்கூட வழக்கத்தைவிடத் தாராளமாகத் தண்ணீர் கலந்தார். நீ அசையவில்லை என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நேற்றும் பந்து போனது, வரவில்லை. வல்லத்து ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், விசில் ஊதினார். வெடி வெடித்தார்கள். மைக்கில் என்னை அழைத்தார்கள். என் முழங்கால்கள் பாறை ஏறும் நிலையில் இல்லை, எனவே மேடையேறினேன். கோப்பையை எடுத்து, கொடுக்காமல், மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போட்டிக் குழுச் செயலாளர் குனிந்தார். ‘இன்னா மேடம், உடம்பு சரியில்லியா?’

‘பந்து எங்கே?’

‘பாறை சந்துல பூந்துட்சி மேடம். விசிலும் ஊதியாச்சு.’

‘பந்து வரட்டும். மிச்சத்தை ஆடி முடிக்கட்டும். பிறகு கொடுக்கிறேன்.’

‘நம்ம ஊரு ஜெயிச்சிக்குது, உங்களுக்கு இன்னா மேடம் கஷ்டம்?’

‘இந்தக் கோப்பையில் இருக்கும் பெயரைப் படித்தீர்களா? படித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.’

கூட்டத்தில் ஒரு குரல்: ‘மேடம் சூடா கீறாங்க, யாருன்னா மோரு குடுங்கப்பா!’ சிரிப்பு. ஆனால் கோப்பை என் மடியில் இருந்தது. எழுபதைத் தாண்டியவளின் மடியிலிருந்து அதைப் பிடுங்க எவருக்கும் துணிவில்லை. நடுவருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று தோன்றியது, மறுபடி ஊதினார். பாறையின் மேல் தலை நரைத்த ஒரு பெரிய மனிதர் எழுந்தார். பந்து அவருடைய துண்டுக்கடியில் இருந்தது. அடைகாத்திருக்கிறார்.

ஆட்டம் தொடர்ந்தது. எனக்கு என்மேல் மிகுந்த மதிப்பு ஏற்பட்டிருந்த நேரம் அது. நீ செய்ததை நானும் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அப்போது வல்லத்துப் பையன் ஒருவன் நம் தடுப்பாளர்கள் மூவரைக் கடந்து வந்து உதைத்தான். அந்த மைதானத்தில் அன்று விழுந்த ஒரே உண்மையான உதை. பந்து கம்பத்தில் மோதி, நம் கோல்கீப்பரின் பின்னால் கோட்டின்மேல் உருண்டது.

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கோப்பையை மார்போடு இறுக்கியிருந்தேன். ‘தூக்கி அட்றா வெளிய! பாறைக்கு அட்றா!’ என்று ஒரு குரல் கேட்டது. செயலாளர் திரும்பி என்னைப் பார்த்த பிறகே அது என் குரல் என்று புரிந்தது.

‘இப்பதான் மேடம் நம்மாளு’ என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

நம் தடுப்பாளர் ஒருவர் பந்தைப் பாறைக்கே அடித்தார். இம்முறை அது உடனே திரும்பி வந்தது. வெட்கம் சிறிது மிச்சமிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, பூஜ்யம்.

அந்தப் பந்து கோட்டின்மேல் உருண்ட கணத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நீ பாறையேறிவிட்டு வந்த அன்று இரவு, உனக்குப் பிடித்த மீன் குழம்பைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். வெயில் என்றாய். நியாயம் பேசுவது உனக்கு எளிது, உன் இயல்பே அது என்று நம்பி நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன். நீ பந்தை எடுத்துக் கொடுத்தது வெற்றியை வேண்டாதவளாக அல்ல. மைதானத்தில் இருந்த எவரையும்விட அதிகமாக அதை வேண்டியவள் நீ.

கோப்பையைக் கொடுத்தேன். செம்பட்டைத் தலையன் காலில் விழப் போனான். ‘நிமிர். விழுவதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தேனே’ என்றேன். மைக்கை நீட்டினார்கள். ‘ஜெயித்துவிட்டீர்கள். நன்றாக ஆடவில்லை’ என்றேன். பாராட்டு என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது உன் நேர்மை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்மை, கொஞ்சம் படித்த எவளும் தேடிக்கொள்ளக்கூடியது. நீ என்னிடம் விட்டுப் போனது வேறு: முதுகால் கோல் போடுகிற இந்தக் கூட்டம் வெல்ல வேண்டும் என்கிற, எந்தப் பொருளாதாரத்திலும் விளக்கம் இல்லாத வேட்கை. அதற்கு மருந்து இருந்தால் நீ எனக்கு முன்பே சாப்பிட்டிருப்பாய்.

அடுத்த ஆட்டம் சீயமங்கலத்தில். வேனில் முன்சீட்டு எனக்கு என்று செயலாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தோற்றால் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவேன். ஜெயித்தாலும்தான்.