வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பக்கம்

அன்புள்ள ராட்சசிக்கு,

காலையிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், இதையாவது படி.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு இலவச இணையப் பக்கம் போட்டு, கூட்டம் சேர்த்து, விளம்பரத்தில் சம்பாதிக்கிறேன் என்று கிளம்பினேன் இல்லையா? அதில் ‘வீட்டுப் பாதுகாப்பு’ பக்கத்துக்குப் படம் வாங்கக் கஞ்சப்பட்டு, நம் வீட்டையே போட்டேன். வாசல், பூட்டு, சாவி ஒளிக்கும் பூந்தொட்டி. “ஊருக்கே வாசலைத் திறந்து காட்டுறீங்களே!” என்று கத்தினாய். நான் சிரித்தேன்.

நான் ஊரில் இல்லாத இந்த வாரம், அந்தப் பக்கத்துக்குத் தினம் நாற்பது வருகை. துள்ளிக் குதித்தேன். வருகைக் கணக்கைக் கிளறிப் பார்த்தால் அத்தனையும் ஒரே ஆள், நம் ஊரிலிருந்து.

இன்று காலை பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறான்: “புதுப் பூட்டு நல்லாருக்கு. படத்தை மாத்துங்க.”

நீ பூட்டை மாற்றினாயா?

உன் வீட்டுக்காரன்