பின் சீட்டு மதினிக்கு

என் பிரியத்துக்குரிய மதினி,

ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை வெறித்துவிட்டது. கண்மாய் நிறைந்து கிடக்கிறது. நிறைந்த கண்மாயைப் பார்த்தால் உங்களுக்குக் கை சும்மா இருக்காது. எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. தை பிறந்ததும் நம் இரட்டைச் சீட்டுக் கயாக் படகை எடுத்துக்கொண்டு தாமிரபரணிக்குப் போகிறோம். இந்தப் பயணத்துக்கு முழுக்கத் திட்டம் போட்டது நான்தான்.

சிரிக்காதீர்கள். நம் முதல் திட்டத்தின் லட்சணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாபநாசத்தில் யாரோ இரண்டு பேர் ஆற்றில் துடுப்புப் போட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, "நமக்கு மட்டும் கை இல்லையா?" என்று ஆரம்பித்தவர் நீங்கள். இங்கே கண்மாய் தளும்பியதும், இதுதான் சரியான நேரம் என்று கார்த்திகையில் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் மரம் மட்டையை உருட்டிக்கொண்டு போகிறது. நிற்கிற தண்ணீரையே பார்த்து வளர்ந்த நாம் இரண்டு பேரும் பாலத்தில் நின்று புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். "ஏட்டி செல்வி, நம்ம ஊர்ல தண்ணி வந்தாத்தான் திருவிழா. இங்க தண்ணி வடிஞ்சாத்தான் திருவிழா போல" என்றீர்கள்.

அதனால்தான் தை. வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்திருக்கும். நீங்கள் செய்வதுபோலவே கரையோரமாக நடந்து பார்த்துவிட்டு வந்தேன். எங்கே இறங்குவது, தடுப்பணைக்கு முன்னால் எங்கே படகைக் கரையேற்றித் தூக்கிக்கொண்டு நடப்பது, எங்கே சாப்பிடுவது எல்லாம் முடிவாகிவிட்டது. என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலரும் வருகிறார்கள். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று முந்தின நாளே விசாரித்துவிடுவேன். திறந்தால் பயணம் கிடையாது, யார் முகம் சுளித்தாலும் சரி. பால்கோவாவைப் படகில் ஏற்றக் கூடாது என்ற உங்கள் சட்டமும் அப்படியே இருக்கிறது. கை பிசுபிசுத்தால் துடுப்பு நிற்காது என்று டீச்சர்களிடம் சொல்லிவிட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தது, நம் படகைத் தவிர.

ஆனியில் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்குப் பிறகு அண்ணன் படகைத் தொடவில்லை. ராஜபாளையத்தில் தறிக்கூடத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணியின் பஞ்சு படிந்து அது வெளுத்துப் போயிருந்தது. மார்கழி பிறந்ததும் கேட்கப் போனேன்.

"எடுத்துக்க. ஆனா பின் சீட்டுல யாரும் உக்காரக் கூடாது" என்றார்.

"அண்ணே, பின்னால ஆள் இல்லாம நான் முன்னால மட்டும் உக்காந்தா படகு மூக்கு தண்ணிக்குள்ள குத்தும். சொன்ன பக்கம் திரும்பாது."

"அப்ப அது அங்கனயே தொங்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களை இழந்தது அவர் மட்டுமா? "எம்புட்டு தடவ எங்கள ஆத்துல இறக்கிவிட்டுட்டு, அந்தப் பக்கம் வந்து காத்துக் கிடந்திருக்கீங்க. ஒரு தடவையாவது ஏறியிருக்கீங்களா? மதினி இடத்துல நான் உக்காருதேன். என் இடத்துல நீங்க உக்காருங்க. அவிய பாத்ததுல பாதியாவது பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் குட்டியானை லாரி ஒன்று வந்து நின்றது. மேலே நம் படகு, கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு இறங்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புவதுபோல நான் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன்.

ஒன்று சொல்லட்டுமா மதினி? இத்தனை வருஷத்தில் தண்ணீரில் வைத்து உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. முன் சீட்டில் இருந்தவள் நான். பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வரும். ஆற்றின் இழுப்பு கூடுகிற இடத்தில் பயம் வந்தால் திரும்பாமலே, "மதினி, இருக்கீங்களா?" என்பேன். "இல்லாம எங்கட்டி போவேன், துடுப்பப் போடு" என்பீர்கள். அந்தக் குரல் இல்லாமல் ஆறு மாதமாக நான் எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

அன்றைக்குக் கண்மாயின் நடுவில் காற்று கிளம்பிவிட்டது. படகு ஆடியது. அண்ணனின் தோள் இறுகுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டி, இருக்கியா?"

என்னைத்தான் கேட்டாரா, உங்களைக் கேட்டாரா? யாரைக் கேட்டிருந்தாலும் சரி என்று குரலை நிதானமாக்கிக்கொண்டேன்.

"இல்லாம எங்க போவேன், துடுப்பப் போடுங்க" என்றேன்.

அவர் துடுப்பைப் போட்டார். படகு நேராகப் போனது.

தையில் ஆற்றில் இழுப்பு வரும். அங்கேயும் அவர் கேட்பார். கேட்கிறபோதெல்லாம் நான் பதில் சொல்வேன். உங்கள் இடத்தைக் காலியாக விட மாட்டேன், மதினி.

நாத்தனாராக வந்து உங்களுக்குத் தங்கச்சியாகவே ஆகிப்போன,
செல்வி