தகர பஸ்ஸும் ஒன்பது வரிகளும்

18 ஏப்ரல் 2005, திங்கள்

கரமனைப் பாலத்து நெரிசலில் அரை மணி நேரம் நின்றோம். அலுவலகத்துக்குள் போனபோது என் மானிட்டர் மேல் பஸ் இல்லை.

சிவப்புத் தகர பஸ், பொம்மை. நாங்கள் செய்யும் கல்லூரிச் சேர்க்கை இணையதளத்தின் வழிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. எந்த முகவரியைக் கேட்டால் எந்த ஜாவா நிரல் வேலை செய்யும், பிறகு எந்தப் பக்கம் திறக்கும் என்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைத் திருத்தினால் ஒருவர் எழுதியது அழிந்துபோகும். அதனால், பஸ் யார் மேசையில் நிற்கிறதோ அவர்தான் கோப்பைத் தொடலாம் என்று பழக்கம். எட்டு மாதமாக என் மேசையில் நின்றது. நூற்றெண்பத்திரண்டு வழிகள், எல்லாம் நான் எழுதியவை.

இப்போது விபினின் மேசையில் நிற்கிறது. கேட்டேன்.

"அக்கா, இனி ரூட்டிங் நான் பாத்துக்கிடுதேன். நீங்க டெம்ப்ளேட் பாருங்க. தலைப்பு, மெனு, கலர். அதுக்கு ஒரு பொம்பள கண்ணு வேணுமாக்கும்."

பாறசாலைக்காரன், இருபத்தெட்டு வயது, மூன்று வாரமாக எங்கள் குழுவுக்குத் தலைவன். மீட்டிங்கில் நான் மேடம். வேலை ஆக வேண்டுமென்றால் அக்கா.

பொம்பள கண்ணு. வீடு வந்து சேரும்வரை அதுவே காதில்.

19 ஏப்ரல்

பக்கத்தின் அடிப்பட்டைக்கு நான்கு முறை நிறம் மாற்றினேன். நான்கும் நீலம்.

25 ஏப்ரல், திங்கள்

என் நூற்றெண்பத்திரண்டு வழிகள் இன்று விபின் கையில் ஒன்பது வரிகள் ஆயின. பெயருக்குப் பதில் நட்சத்திரக்குறி போட்டால் ஒரு வரி பல முகவரிகளுக்கும் பொருந்தும், நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் புதுப் பதிப்பில் அந்த வசதி உண்டு. மேலாளர் திரவியம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "கண்டீங்களா ரத்னாபாய்? ஒம்பது வரி. நம்ம எட்டு மாசம் உருட்டினோம்."

நம்ம என்றார். அவர் எந்த மாதம் உருட்டினார்?

யோசனை மோசமில்லை. அதுதான் எரிகிறது. கேட்டிருந்தால் நானே செய்திருப்பேன்.

ஆரியசாலைக் கயிற்றுக் கடையை அடைத்துவிட்டு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையில் கயிற்றுத் தும்பு ஒட்டியிருக்க, சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேல கொறஞ்சா நல்லதுல்லா? நீ எதுக்கு மூஞ்சிய தூக்கிட்டு இருக்க?" என்றார். இருபது வருடத்தில் இந்த ஒரு கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்டிருக்கிறார்.

28 ஏப்ரல், வியாழன்

மெனு ஒரு பக்கத்தில் இரண்டு முறை வந்தது. காரணம் தேடி அந்தக் கோப்பைத் திறந்தேன். படிக்க மட்டும், படிக்க பஸ் வேண்டாம்.

கடைசி வரி வெறும் நட்சத்திரம். பக்கத்தில் விபினின் குறிப்பு: மேலே எதற்கும் பொருந்தாதவை இங்கே.

மேலிருந்து படித்து முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான். அப்படி இல்லை. நட்சத்திர வரிகள் இரண்டு பொருந்தினால் கடைசியில் இருப்பதுதான் ஜெயிக்கும். ஆகவே எல்லாமே அந்தக் கடைசி வரி வழியாகப் போகிறது. பக்கங்கள் சரியாகத்தான் வருகின்றன. ஆனால் கல்லூரி அலுவலகப் பக்கங்களுக்கு ஐந்தாம் வரியில் போட்ட பூட்டு வேலை செய்யாது. லாகின் இல்லாமலே யாரும் திறக்கலாம்.

கடைசி வரியை மேலே நகர்த்தினால் போதும். அரை நிமிட வேலை.

கோப்பை மூடினேன். பஸ் என்னிடம் இல்லையே.

1 மே, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முழுவதும் மனதில் அந்த வரிதான். பாட்டுக்கு எழுந்து நிற்க மறந்து, பக்கத்தில் இருந்த சரோஜம் முழங்கையால் இடித்தாள். சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வான்? "அக்கா, கலர் முடிஞ்சுதா?" என்பான். தானே கண்டுபிடிக்கட்டும். அவன்தானே தலைவன்.

4 மே, புதன்

மதியம் ஷெமி வந்தாள். எங்கள் டெஸ்டர், பதினான்கு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு பாலராமபுரத்திலிருந்து வருகிறவள். ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும்.

"அக்கா, ஆபீஸ் பக்கம் எல்லாம் லாகின் பண்ணாம தொறந்து பாக்கணுமா? விபின் தந்த லிஸ்ட்ல அது இல்ல."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பஸ் வச்சிருக்கவன்கிட்ட போய் கேளு."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். போய்க் கேட்டாள். அவன் சொன்னது இங்கே வரை கேட்டது: "லிஸ்ட்ல உள்ளத பாத்தா மதி, ஷெமி. கூடுதல் ஒண்ணும் வேண்டாம். நேரமில்ல."

9 மே, திங்கள்

தளம் திறந்துவிட்டது. எல்லோருக்கும் ஜிலேபி. நான் இரண்டு தின்றேன்.

12 மே, வியாழன்

கல்லூரியிலிருந்து ஃபோன். விண்ணப்பம் போட்ட ஒரு பெண்ணின் அப்பா முகவரிப் பட்டையில் எதையோ தட்டியிருக்கிறார். அறுநூறு பிள்ளைகளின் மதிப்பெண், வீட்டு விலாசம், ஃபோன் எண் எல்லாம் திறந்துவிட்டது. பதினொரு மணிக்குத் தளத்தை மூடினார்கள். மாலை வரை விபின் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டு விலாசம் என்பது நினைவிலேயே இல்லை. பெண்பிள்ளைகளின் விலாசம்.

13 மே, வெள்ளி

மீட்டிங். விபின் சொன்னது: "டெஸ்டிங்ல பிடிக்க வேண்டியதாக்கும் சார்."

திரவியம் சார் ஷெமியைப் பார்த்தார். "லாகின் இல்லாம பாக்கலியா?"

"லிஸ்ட்ல இல்ல சார்."

"லிஸ்ட்ல எழுதித் தந்தாத்தான் பாப்பீங்களா?"

ஷெமி என்னை ஒரு தடவை பார்த்தாள். அக்காவிடம் கேட்டேன் என்று சொல்லவில்லை. ஜூனுக்குப் பிறகு அவள் வேண்டாம் என்று முடிவாயிற்று. விபின் தலையாட்டினான். அவனுக்கும் தெரியும், அவள் கேட்டது.

வரும் வழியெல்லாம் என்னையே கேட்டேன்: ஏம் பிள்ளே வாய மூடிட்டு இருந்த? அவன் ஒரு தடவை மூடினான். நீ பதினாலு நாள் மூடினே. இதுல அவன எந்த வாயால ஏசப் போற?

16 மே, திங்கள்

மெயில் எழுதினேன். சாருக்கும் விபினுக்கும் ஷெமிக்கும், குழுவில் எல்லோருக்கும். "வரிசை தவறு என்று ஏப்ரல் 28 அன்றே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மே 4 அன்று ஷெமி இதே சோதனையை என்னிடமும் விபினிடமும் கேட்டார். நான் நேராகப் பதில் சொல்லவில்லை. விபின் வேண்டாம் என்றார்."

வீட்டில் இவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இத எழுதணும்னு ஒனக்கு ஆரு நிர்பந்தம்?" பிறகு, "அனுப்பியாச்சா?" என்றார். ஆச்சு என்றேன்.

17 மே

சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "இது உள்ளது சொல்லுததா, இல்ல விபின பழிவாங்குததா?"

"ரெண்டும்தான் சார்."



18 மே

ஷெமி தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்றாள். "அப்ப நான் வந்து கேட்டப்பவே மேடத்துக்கு அறியும்."

மேடம். குரலில் சண்டை இல்லை. பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நன்றி சொல்வாள் என்று காத்திருந்திருக்கிறேன் போல. அதற்கும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

6 ஜூன்

ஷெமிக்கு ஒரு வருடம் புதுப்பித்தார்கள். விபினே தலைவன். எனக்கு டெம்ப்ளேட், இனி நிரந்தரமாக.

22 ஜூலை, வெள்ளி

பஸ் இப்போது ஷெமியின் மேசையில் நிற்கிறது. அவள் சோதித்துச் சரி என்று சொல்லாமல் கோப்பில் யாரும் ஒரு வரி மாற்ற முடியாது. விபினும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

இன்று நானும் போய் நின்றேன். கட்டண ரசீதுப் பக்கத்துக்குப் புது டெம்ப்ளேட், ஒரு வழி சேர்க்க வேண்டும். எழுதிக்கொண்டு போன தாளை வாங்கிப் படித்தாள்.

"லாகின் இல்லாம தொறந்து பாத்தாச்சா மேடம்?"

பார்க்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்து, அந்த வரியை என் கணினியில் மட்டும் போட்டேன். பார்த்தேன். லாகின் இல்லாமலே திறந்தது.